பழைய பாக்கெட் குரோனோமீட்டர்: மும்பையில் வாங்குவது, ஓட விடுவது, ரேட் எடுப்பது

தினமும் 3 விநாடி முந்தும் கடிகாரம் நல்ல கடிகாரம். ஒருநாள் 1 விநாடி முந்தி, மறுநாள் 4 விநாடி பிந்தி, அதற்கடுத்த நாள் 6 விநாடி முந்துகிற கடிகாரத்துக்குச் சராசரி இதைவிடக் குறைவாக வரும். ஆனாலும் அதை நம்பி நான் கடலுக்குப் போக மாட்டேன். கடலில் தீர்க்கரேகை கணக்கிடக் கப்பல்கள் வைத்திருந்த துல்லியக் கடிகாரம்தான் குரோனோமீட்டர். பழையது ஒன்றை வாங்க ஆசைப்படுகிறவர்கள் இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். அது நேரத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்பது இரண்டாம் கேள்விதான். ஒரே அளவு தவறுகிறதா என்பதே முதல் கேள்வி. ஒரு நாளில் எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதைத்தான் ரேட் என்கிறோம். தவறு மாறாமல் இருந்தால் கழித்துக்கொள்ளலாம். மாறிக்கொண்டே இருந்தால் எதைக் கழிப்பது?

நான் வணிகக் கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்தபோது குரோனோமீட்டர் என் பொறுப்பு. காலை எட்டு மணிக்குச் சாவி கொடுத்து, ரேடியோ சிக்னலோடு ஒப்பிட்டு, பிழையைப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுற்றுகிறது. அதாவது 4 விநாடியில் தீர்க்கரேகையில் ஒரு கலை, டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. நிலநடுக்கோட்டில் அது ஒரு கடல் மைல். மும்பை இருக்கும் 19 டிகிரியில் சுமார் 1.75 கிலோமீட்டர். ராத்திரியில் பாறை இருக்கும் கரையை நெருங்கும்போது இந்தக் கணக்கு எவ்வளவு பெரியது என்று கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். இப்போது மாட்டுங்காவில் குடியிருக்கிறேன். பழைய டெக் வாட்ச், அதாவது கப்பலின் மேல்தளத்தில் பயன்படுத்தும் பாக்கெட் வாட்ச், கையில் கிடைத்த பிள்ளைகள் அவ்வப்போது வந்து கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

எது உண்மையான பாக்கெட் குரோனோமீட்டர்

டயலில் "குரோனோமீட்டர்" என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சாதாரண ஸ்விஸ் பாக்கெட் வாட்சுகளிலும் அந்தச் சொல்லை அச்சடித்து விற்றிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் எஸ்கேப்மென்ட்தான், அதாவது சக்கரங்களைத் தட்டுக்கு ஒரு பல்லாக விடும் அமைப்புதான், சாட்சி.

1759-ல் ஆங்கிலேயரான ஜான் ஹாரிசன் கடலுக்காகச் செய்து முடித்த நான்காவது கடிகாரம் பார்க்கப் பெரிய பாக்கெட் வாட்ச் மாதிரி இருக்கும். குறுக்களவு 13 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ ஒன்றரை கிலோ. 1761-ல் ஜமைக்கா போன சோதனைப் பயணத்தில், தெரிந்த ரேட்டைக் கழித்த பிறகு, 81 நாளில் 5 விநாடிதான் பிந்தியது. ஆனால் அதைச் செய்யப் பல வருஷம் ஆனது. எல்லாக் கப்பலுக்கும் போகும் அளவுக்கு எளிமைப்படுத்தியவர்கள் ஜான் ஆர்னால்டும் தாமஸ் எர்ன்ஷாவும். ஆர்னால்டின் 36-ம் எண் பாக்கெட் குரோனோமீட்டரை 1779-லிருந்து 13 மாதம் கிரீன்விச்சில் சோதித்தார்கள். அந்த முடிவு வெளியானபோதுதான் குரோனோமீட்டர் என்ற பெயரும் நிலைத்தது.

அவர்கள் பயன்படுத்தியது டிடென்ட் எஸ்கேப்மென்ட். எஸ்கேப் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் மெல்லிய பாகம்தான் டிடென்ட். இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் போய் வரும் இரண்டு வீச்சில் ஒன்றில் மட்டும் எஸ்கேப் சக்கரத்தின் பல் அதை நேரடியாகத் தள்ளும். மற்ற நேரமெல்லாம் பேலன்ஸ் சுதந்திரமாக ஆடும். பல் வழுக்கிக்கொண்டு போகாததால் அந்த இடத்தில் எண்ணெய் வேண்டியதில்லை. எண்ணெய் இல்லாவிட்டால் அது கெட்டியாகி ரேட் மாறும் பேச்சும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே டிடென்ட் நூறாண்டுக்கு மேல் கடலை ஆண்டது.

மூடியைத் திறக்காமலே அடையாளம் காணலாம். காதில் வையுங்கள். லீவர் என்ற வேறு வகை எஸ்கேப்மென்ட் உள்ள சாதாரண வாட்ச் விநாடிக்கு ஐந்து முறை தட்டும். டிடென்டில் ஒரு வீச்சு சத்தமாகவும் மற்றது கிட்டத்தட்ட சத்தமில்லாமலும் போகும். அதனால் பாதி எண்ணிக்கைதான் கேட்கும். விநாடி முள்ளும் நிதானமாக, தெளிவான தாவலாக நகரும். மரப்பெட்டியில் பொருத்திய பெரிய கப்பல் குரோனோமீட்டரில், அதாவது பெட்டிக் குரோனோமீட்டரில், சரியாக அரை விநாடிக்கு ஒரு தாவல். திறந்து பார்த்தால், பேலன்ஸை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங் தட்டையான சுருளாக இல்லாமல் உருளை வடிவத்தில் மேலே எழும்பி நிற்பதும் ஒரு நல்ல அறிகுறி.

உண்மையைச் சொன்னால், டிடென்ட் பாக்கெட் குரோனோமீட்டர் உங்கள் கையில் சிக்குவது அரிது. சிக்குவது பெரும்பாலும் டெக் வாட்ச். பெட்டிக் குரோனோமீட்டரை அதன் இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது என்பதால், அதோடு நேரம் ஒத்துப் பார்த்து, மேல்தளத்துக்கு எடுத்துப்போய் செக்ஸ்டன்டால் சூரியன், நட்சத்திர உயரம் அளக்கும்போது பயன்படுத்தும் பெரிய பாக்கெட் வாட்ச் அது. யுலிஸ் நார்டின், சீனித், லாஞ்சின்ஸ், இரண்டாம் உலகப்போர் காலத்து ஹாமில்டன் 22 எல்லாம் இந்த ரகம். உள்ளே லீவர்தான். அதனால் மதிப்பு குறைவு என்று நினைக்க வேண்டாம். நல்ல டெக் வாட்ச் நல்ல ரேட் தரும். தவிர அதைச் சரிசெய்ய ஆள் கிடைக்கும்.

எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது

சோர் பஜாரில் மட்டன் தெருக் கடைகள் ஒன்று. ரே ரோடு பக்கம் தாருகானாவில் கப்பல் உடைக்கும் இடத்தை ஒட்டிய கடைகள் இன்னொன்று. கடைக்காரர் "ஜஹாஸ் கா மால்", கப்பல் சரக்கு, என்று சொல்வார். பாதி நேரம் உண்மையாகவும் இருக்கும். சோவியத் கப்பல்களிலிருந்து வந்த போல்யோட் பெட்டிக் குரோனோமீட்டர்கள் அப்படித்தான் நம் ஊருக்கு வந்தன. ஆனால் சோவியத் மோல்னியா பாக்கெட் வாட்சின் மெஷினை எடுத்து, புது டயலில் பெரிய கம்பெனி பெயரும் நங்கூரமும் அச்சடித்து, பித்தளைக் கூட்டில் போட்டு விற்பதும் அதே தெருவில்தான். டயல் பளபளவென்று இருந்து, பெயருக்கும் மெஷினுக்கும் பொருத்தம் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம். டயலில் உள்ள எண், மெஷினில் உள்ள எண், கூட்டில் உள்ள எண், மரப்பெட்டியில் உள்ள எண் இவை பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிரிட்டிஷ் அரசுப் பொருளில் அம்புக்குறி முத்திரை இருக்கும். ஹேர் ஸ்பிரிங்கை லென்ஸில் பார்க்க வேண்டும். நீல ஸ்பிரிங்கில் மிளகுப்பொடி தூவிய மாதிரிப் புள்ளி தெரிந்தால் துரு. மும்பைக் கடல்காற்றில் இருந்த கடிகாரத்தில் இதுதான் முதல் நோய். துரு ஏறிய ஸ்பிரிங் எத்தனை சர்வீஸ் செய்தாலும் நிலையான ரேட் தராது. டயல் கீறலையும் பெட்டி விரிசலையும் நான் மன்னிப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்.

ஒரு சின்னத் திசைகாட்டியும் கையோடு கொண்டு போங்கள். ஓடும் கடிகாரத்தின் மேல் வைத்தால் ஊசி விறுவிறுவென்று நடுங்குகிறதா என்று பாருங்கள். நடுங்கினால் பேலன்ஸில் காந்தம் ஏறியிருக்கிறது. இது வாட்ச் கடையிலேயே இறக்கிவிடக்கூடிய குறை. விலை பேச உதவும்.

முள்ளிலும் எண்ணிலும் பழுப்பேறிய பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போயிருக்காது. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டு. கண்ணாடியைக் கழற்றாதீர்கள், சுரண்டாதீர்கள், தலையணை அருகே வைக்காதீர்கள். இன்னொன்று, நூறு வயது தாண்டிய கடிகாரம் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்குப் பரிசாக அனுப்பலாம் என்று எண்ணி வாங்காதீர்கள்.

வாங்கியதும் ஓடவிட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பொறுங்கள். எண்ணெய் காய்ந்துபோன மெஷினை ஓட்டினால் பிவட், அதாவது சக்கர அச்சின் நுனி, தேயும். முதலில் சர்வீஸ். தாராவியில் எனக்குத் தெரிந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் லீவர் வாட்ச் வேலையில் கெட்டிக்காரர். அவரிடம் ஒரு முறை நண்பருடைய டிடென்ட் வாட்சைக் கொண்டுபோனேன். லென்ஸைக் கண்ணில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"கேப்டன் சார், லீவர்னா கொண்டாங்க, பாத்துத் தாரேன். இது டிடென்ட்லா. இத நான் தொட மாட்டேன்."

"ஏன் அண்ணாச்சி, நீங்க பார்க்காத வாட்சா?"

"இந்தா, இந்த ஸ்பிரிங்கப் பாருங்க. தலைமுடி கனம்கூட இல்ல. ஒடிஞ்சா கடையில கிடைக்காது, கையால ராவித்தான் செய்யணும். தெரிஞ்சவன்கிட்டக் கொடுங்க."

இப்படிச் சொல்கிறவரைத்தான் நம்ப வேண்டும். "எல்லாம் ஒண்ணுதான், வச்சுட்டுப் போங்க" என்கிறவரிடம் டிடென்டை விடாதீர்கள். யாரிடம் கொடுத்தாலும் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பேலன்ஸைக் கழற்றும் முன், கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்குவீர்களா? முறுக்கு இருக்கும்போது பேலன்ஸைத் தூக்கினால் சக்கரமெல்லாம் ஒரே ஓட்டமாக ஓடி டிடென்டை நாசமாக்கிவிடும். பதில் யோசிக்காமல் வர வேண்டும்.

சாவி கொடுப்பது

தினமும் ஒரே நேரம். இரண்டு நாள் ஓடும் கடிகாரத்துக்கும் தினமும்தான் சாவி. மிச்ச நாள் அவசரத்துக்கு. முறுக்கு எப்போதும் ஒரே பகுதியில் வேலை செய்தால் ரேட் நிலையாக நிற்கும். 1831-ல் கிளம்பிய பீகிள் கப்பலில் 22 குரோனோமீட்டர்கள் இருந்தன. மரத்தூள் படுக்கையில் வைத்திருந்தார்கள். காலை ஒன்பதுக்குச் சாவி, நண்பகலில் ஒப்பீடு. ஐந்து வருஷம் உலகைச் சுற்றி வந்து, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இடையிலான நேர வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தபோது 24 மணி நேரத்தைவிட 33 விநாடிதான் அதிகம் வந்தது. அந்த எண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலை ஒன்பது மணிதான் கண்ணில் நிற்கும். ஒழுங்கில்லாமல் சாவி கொடுத்திருந்தால் 22 என்ன, 200 இருந்தும் பயனில்லை.

சாவித் துவாரத்தில் சாவியை வைத்து எந்தப் பக்கம் இசைகிறது என்று மெல்லத் தொட்டுப் பாருங்கள். பெட்டிக் குரோனோமீட்டருக்குப் பெரும்பாலும் இடப்புறச் சுற்று. அழுத்தி எதிர்ப்பக்கம் திருகினால் போயிற்று. சுற்றை எண்ணிக்கொண்டே கொடுங்கள். பெட்டிக் குரோனோமீட்டருக்கு தினசரி ஏழரைச் சுற்று என்பது வழக்கமான கணக்கு. கடைசிச் சுற்றில் வேகத்தைக் குறையுங்கள். சங்கிலி வைத்த பழைய மெஷினில் தடுப்பில் போய் இடிக்கவிடக் கூடாது.

டிடென்ட் நின்றுவிட்டால் சாவி கொடுத்ததும் தானாகக் கிளம்பாது. தட்டையாகப் பிடித்து, கால் சுற்று அளவுக்குச் சட்டென்று திருப்பி நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதே திருப்பு ஆபத்து. நிற்கும், அல்லது துள்ளி முன்னேறிவிடும். அதனால்தான் டிடென்ட் வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏற வேண்டாம் என்கிறேன். முட்களையும் தொடாதீர்கள். கப்பலில் குரோனோமீட்டரைச் சரியான நேரத்துக்குத் திருத்த மாட்டோம். பிழையைத் தாளில் வைத்துக்கொள்வோம். முள்ளைத் திருப்பியே ஆக வேண்டிய நிலை வந்தால் முன்னோக்கி மட்டும்.

ரேட் எடுப்பது

இதுதான் வேலையின் உயிர். ஒரு நோட்டு வாங்குங்கள். நாலு பத்தி போதும்: தேதி, பிழை, நேற்றிலிருந்து வந்த மாற்றம், அறை வெப்பம்.

இந்தியாவின் அதிகாரபூர்வ நேரத்தைப் பராமரிப்பது டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம். இணையத்தில் கிடைக்கும் அந்த நேரமோ, நெட்வொர்க்கிலிருந்து நேரம் எடுக்கும் போனோ இந்த வேலைக்குப் போதும். ஒப்பிடும்போது ஒரு கண் இங்கே, ஒரு கண் அங்கே என்று பார்த்தால் அரை விநாடி தவறும். நாங்கள் செய்தது இப்படி. கடிகாரத்தின் விநாடி முள் 50-ல் இருக்கும்போது அதன் தட்டலைக் காதால் பிடித்துக்கொள்ள வேண்டும். டிடென்ட் பெட்டிக் குரோனோமீட்டர் என்றால் "அரை, ஒண்ணு, அரை, ரெண்டு" என்று தாளம் விடாமல் மனசுக்குள் எண்ணிக்கொண்டே கண்ணைப் போனுக்குத் திருப்ப வேண்டும். எண்ணிக்கை 10-ஐத் தொடும் கணத்தில் போனில் என்ன விநாடி என்று பார்த்து எழுத வேண்டும். கொஞ்ச நாளில் கால் விநாடி வரை பிடிபடும். இது பிடிபடாதவர்கள் கடிகாரத்தையும் போன் திரையையும் ஒரே சட்டகத்தில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பார்க்கலாம். வாட்ச் சத்தத்தைக் கேட்டு ரேட் சொல்லும் ஆப்கள் லீவருக்குச் சரி. டிடென்டில் பாதி வீச்சு சத்தமில்லாமல் போவதால் அவை குழம்பும். எப்படியானாலும் அந்த ஆப் அரை நிமிஷ நடையைத்தான் பார்க்கிறது. நமக்கு வேண்டியது 24 மணி நேர நடை.

உதாரணம்: திங்கள் காலை 8 விநாடி வேகம். செவ்வாய் 11. புதன் 14.5. வியாழன் 17.5. வெள்ளி 20. மாற்றங்கள் 3, 3.5, 3, 2.5. சராசரி நாளுக்கு 3 விநாடி முந்தல். அதைவிட முக்கியம், எந்த நாளும் சராசரியிலிருந்து அரை விநாடிக்கு மேல் விலகவில்லை. அடுத்த பத்து நாளைக்கு ஒப்பிடாமலே விட்டாலும், வெள்ளியன்று இருந்த 20-ஓடு 30 சேர்த்து 50 விநாடி கழித்தால் நேரம் கிடைத்துவிடும். லண்டன் கியூ ஆய்வகத்தில் வாட்சுகளுக்கு 45 நாள் சோதனை வைத்து மதிப்பெண் போட்டபோதும் இதே மனப்பான்மைதான். நூறில் 40 மதிப்பெண் தினசரி ரேட் மாறாமல் இருப்பதற்கு, 40 படுக்கவைத்தாலும் செங்குத்தாக நிறுத்தினாலும் மாறாமல் இருப்பதற்கு, 20 வெப்பத்தில் மாறாமல் இருப்பதற்கு.

வெப்பம் லேசானதல்ல. ஈடு செய்யாத எஃகு ஹேர் ஸ்பிரிங் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாளுக்கு சுமார் 11 விநாடி பிந்தும். அதை ஈடு செய்யத்தான் பேலன்ஸின் விளிம்பை உள்ளே எஃகும் வெளியே பித்தளையுமாக ஒட்டி, இரண்டு இடத்தில் வெட்டிவிட்டார்கள். சூட்டில் பித்தளை அதிகம் நீள, வெட்டிய முனைகள் உள்பக்கம் வளையும்; பேலன்ஸ் கொஞ்சம் சுறுசுறுப்பாகும். இருந்தாலும் ஈடு முழுமையாக வராது. ராத்திரி ஏசி, பகலில் 33 டிகிரி என்று மாறும் படுக்கையறையில் வைத்துவிட்டு "ரேட் அலைகிறது" என்று கடிகாரத்தைக் குறை சொல்லக் கூடாது. உள்சுவர் ஓரம், மர அலமாரி, டயல் மேலே பார்த்தபடி, ஸ்பீக்கரும் இண்டக்‌ஷன் அடுப்பும் பக்கத்தில் இல்லாத இடம். இடத்தை ஒருமுறை முடிவு செய்தால் மாற்றாதீர்கள்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ். ஓடாமல் சும்மா வைத்திருந்தாலும் எண்ணெய் காயும்.

மொட்டை மாடியில் ஒரு சோதனை

ரேட் நிலையாகிவிட்டதா? அப்படியானால் கடிகாரத்தை அது பிறந்த வேலைக்கே பயன்படுத்திப் பாருங்கள். உங்கள் வீட்டின் தீர்க்கரேகையைக் கண்டுபிடியுங்கள். செக்ஸ்டன்ட் வேண்டாம். கோயில் ஸ்தபதிகள் திசை பார்க்கச் சங்கு நட்டு வட்டம் போடுவார்களே, அதே முறை.

சமதளத்தில் வெள்ளை அட்டை விரித்து, நடுவில் கூரான முனையுள்ள குச்சியைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். அடியை மையமாக வைத்து நாலைந்து வட்டம். காலையில் நிழலின் நுனி ஒவ்வொரு வட்டத்தையும் உள்ளே வரும்போது தொடும் நேரத்தைக் கடிகாரத்தில் குறியுங்கள். பிற்பகலில் வெளியே போகும்போது தொடும் நேரத்தையும் குறியுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு நேரத்தின் நடுப்புள்ளிதான் சூரியன் உச்சிக்கு வந்த நேரம். நாலைந்து வட்டத்தின் நடுப்புள்ளிகளைச் சராசரி எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மும்பையில் டிசம்பர் 25-ஐ ஒட்டிய நாட்கள் மிக நல்லவை. வானம் தெளிவாக இருக்கும். சூரியன் தென்கோடியில் கிட்டத்தட்ட நின்றுகொண்டிருப்பதால் காலைக்கும் மாலைக்கும் அதன் சாய்வு மாறாது. சூரிய நேரத்துக்கும் கடிகாரச் சராசரி நேரத்துக்கும் உள்ள வித்தியாசமும் அப்போது பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். ஆனால் அது தினம் அரை நிமிஷம் மாறுவதால் அன்றைய எண்ணைப் பஞ்சாங்க அட்டவணையில் பார்த்தே ஆக வேண்டும்.

கணக்கு இப்படிப் போகும். கடிகாரம் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. நடுப்புள்ளி 7 மணி 8 நிமிடம் 50 விநாடி என்று வந்தது என்று வையுங்கள். நோட்டின்படி அன்று கடிகாரம் 14 விநாடி வேகம், கழித்தால் 7-8-36. சூரியன் உச்சிக்கு வரும்போது உள்ளூர்ச் சராசரி நேரம் 12-0-5 என்று அட்டவணை சொல்கிறது. வித்தியாசம் 4 மணி 51 நிமிடம் 29 விநாடி. மணிக்கு 15 டிகிரி வீதம் 72 டிகிரி 52 கலை சொச்சம் கிழக்கு. இந்த 4 மணி 51 நிமிடம்தான் பழைய பம்பாய் நேரம். 1826-ல் கொலாபாவில் ஆய்வகம் கட்டியதே துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு நேரம் சொல்வதையும் மனதில் வைத்துத்தான். 1906-ல் இந்திய நேரம் வந்த பிறகும் இந்த ஊர் 1950-கள் வரை 39 நிமிடம் பிந்திய தன் நேரத்தை விடாமல் வைத்திருந்தது.

நிழல் நுனி மங்கலாக இருப்பதால் இந்த முறையில் 20, 30 விநாடி பிழை வரலாம். கிழக்கு மேற்கில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மாட்டுங்கா அரபிக்கடலுக்குள் போய்விட்டால் பதற வேண்டாம். முதலில் குச்சி செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் அட்டை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து பிழை ஒரு நிமிஷத்தைத் தாண்டினால் கடிகாரத்தின் நோட்டைத் திறந்து, கடைசியாக ஒப்பிட்ட நாளிலிருந்து ரேட்டைச் சரியான பக்கம் கழித்தீர்களா என்று பாருங்கள். வேகமாக ஓடும் கடிகாரத்துக்குக் கழிக்க வேண்டும், மெதுவாக ஓடுவதற்குக் கூட்ட வேண்டும்.